தெரியும், சொல்ல மாட்டேன்

அரிசிக் கடையில் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோதுதான் ஸ்ரீபாலன் சார் போய்விட்ட செய்தி வந்தது. போன மாத விலைக்கே மூட்டை வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றிருந்தேன். போனில் அவருடைய மகன். "அப்பா போய்ட்டாரு. பொழுது சாயறதுக்குள்ள எடுத்துடறோம். வர்றதுன்னா வாங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். என் முகம் போன போக்கைப் பார்த்துக் கடைக்காரர் என்னவென்று கேட்டார். சொன்னேன். "அட, வாசல்ல கணக்கு வாசிப்பாரே, அந்த நயினாரா?" என்றார். அடுத்து அவர் கேட்ட கேள்வி, "யாரு அடிச்சது?"

ஆரணியில் அவரை அறிந்த உங்களில் பலருக்கும் அந்தக் கேள்விதான் முதலில் வாயில் வந்திருக்கும். எறும்பு வரிசையைக் கண்டால் சுற்றிக்கொண்டு போன மனிதர் செத்தால், ஊர் இப்படிக் கேட்கிறது. "புதுசா யாரும் அடிக்கலீங்க, முன்னாடி அடிச்சதுதான்" என்று சொன்னேன். கடைக்காரர் பழைய விலைக்கே மூட்டையை ஏற்றினார். சார் இருந்திருந்தால் அந்தத் தள்ளுபடியையும் கடைக்காரர் பெயரைச் சொல்லி வாசித்திருப்பார்.

அவரைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. புருஷனிடம் அடிபட்டு வெளியே வரும் பெண்கள் தங்குவதற்கு எங்கள் ஊரில் ஓர் இல்லம் இருக்கிறது. ஓய்வு பெற்ற நர்ஸ் லில்லி அம்மா தன் சொந்த வீட்டில் ஆரம்பித்தது. ஸ்ரீபாலன் சார் ஜைனர், எங்கள் ஊர்ப் பேச்சில் நயினார்; வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். திருமலைப் பக்கத்திலுள்ள தன் கிராமத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து, சம்பளம் வாங்காமல் இல்லத்துக்குப் பொருளாளராக இருந்தார். இப்போது அந்த வேலையை நான் பார்க்கிறேன். நானும் அங்கே அடிபட்டு வந்தவள்தான்.

நான் வந்த அன்று தலையில் ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது. நானும் என் வீட்டுக்காரனும் ஒரே தறியில் பட்டு நெய்தவர்கள். ஓர் இழை அறுந்ததற்காக அவன் நாடாவை எடுத்து என் மண்டையில் அடித்தான். தறியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிற நாடாவுக்கு இரண்டு முனையிலும் இரும்பு இருக்கும். லில்லி அம்மா தையல் போட்டுக்கொண்டிருக்க, மூலையில் ஒரு கிழவர் மூக்குக்கண்ணாடியோடு உட்கார்ந்து, "பஞ்சு எவ்ளோ ஆச்சும்மா? நூலு?" என்று கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். வலியைவிட ஆத்திரம் முந்திக்கொண்டது. "யோவ், எம் மண்டைக்கு பில்லு போடறியா?" என்று கத்தினேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "ஆமாம்மா. ஊர்க் காசுல தெக்கிறது. ஊருக்குச் சொல்லணுமில்ல?" என்றார். அந்த நிமிடத்தில் அவரை எனக்குத் துளியும் பிடிக்கவில்லை.

ஊருக்குச் சொல்வது என்றால் அவர் உண்மையாகவே சொல்வார். மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் இல்லத்து வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "போன மாச இருப்பு" என்று உரத்த குரலில் தொடங்குவார். யார் கொடுத்தது, எதற்குச் செலவானது, எல்லாம் ஒன்று விடாமல் வரும். கேஸ் சிலிண்டர், தேங்காய், கட்டுத்துணி, பஸ் சார்ஜ். எதிரே டீக்கடையில் இருக்கிறவர்கள் கேட்பார்கள். குழாயடிப் பெண்கள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கேட்பார்கள். "நயினாரு கதை ஆரம்பிச்சிட்டாருடா" என்று கேலி பேசுகிறவர்களும் இருப்பார்கள். ஆனாலும் காசு போட்டவர்கள் தங்கள் பெயர் வரும்வரை நகர மாட்டார்கள். "கொடுத்தவன் காதுல விழணும். விழலன்னா அது நன்கொடை இல்ல, திருட்டு" என்பார் சார்.

காசு போட்டவர்கள் யார் என்பதில்தான் எங்கள் தலையெழுத்தே இருந்தது. இங்கே பட்டு முதலாளி, தறிக்காரனுக்கு முன்பணம் கொடுப்பார். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து நெய்வார்கள் என்று நம்பிக் கொடுக்கிற பணம் அது. பெண்டாட்டி அடி தாங்காமல் ஓடிவந்துவிட்டால் தறி நிற்கும், முன்பணம் முழுகிப்போகும். இல்லத்துக்கு அரிசியும் ரொக்கமும் கொடுத்துவந்தவர்களும் அதே முதலாளிகள். ஆக ஒவ்வொரு பெண்ணாக உள்ளே வர, ஒவ்வொரு நன்கொடையாக வெளியே போயிற்று. சாப்பிடுகிற வாய் கூடும்போதெல்லாம் கொடுக்கிற கை குறையும். இல்லத்தின் இத்தனை வருட வரவு செலவைச் சொல்லச் சொன்னால் நான் இந்த ஒன்றைத்தான் சொல்வேன்.

என் விஷயத்தில் வெளியே போனது பெரிய கை. எங்களுக்கு முன்பணம் கொடுத்திருந்த முதலாளிதான் இல்லத்துக்கு மாதாமாதம் அரிசி போட்டவர். நான் வந்த மறுநாள் சாயங்காலம் ஆட்களோடு வந்து வாசலில் நின்றார். "அந்தப் பொம்பளைய அனுப்புங்க சார். தறி நின்னுகினு கீது. எங்காசு அதுல தூங்குது. இல்லன்னா முன்பணத்த நீங்க வைங்க" என்றார். சார் உள்ளே போய், அந்த மாதம் வந்த மூட்டைகளைத் தானே இழுத்து வந்து அவர் காலடியில் போட்டார். "உங்க அரிசி. எடுத்துகினு போங்க. அந்தம்மா வராது." அவ்வளவுதான், கேட்டை உதைத்துச் சாய்த்தார்கள். சாரின் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு சேர்த்து மோதினார்கள். லில்லி அம்மா கூச்சல் போட்டுத் தெருவே திரண்டு வந்த பிறகுதான் விட்டார்கள். அதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. ஜைனர்கள் வழக்கப்படி சார் இருட்டின பிறகு தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். வீங்கின கழுத்தோடு பட்டினியாகவே படுத்தார். காலையில் எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, "அடி பரவால்லம்மா. பசிதான் ஒரே பேஜாராப் போச்சி" என்றார்.

அந்த மாதக் கணக்கில் "திருப்பிக் கொடுத்த அரிசி" என்று முதலாளியின் பெயரோடு வாசித்தார். "கேட் வெல்டிங் செலவு, உடைச்சது அன்னாரின் ஆட்கள்" என்று அடுத்த வரி. டீக்கடை முழுக்கச் சிரித்தது. முதலாளி அந்தச் சிரிப்பை மறக்கவில்லை.

அதே நாளில் வாசித்த இன்னொரு வரியை நான் மறக்கவில்லை. ஆரணியில் இருந்தால் என்னைத் தூக்கிவிடுவார்கள் என்று, படவேட்டில் ஒரு வாழைத்தோட்டத்துக்காரர் வீட்டில் அறை பிடித்து என்னை வைத்திருந்தார்கள். சார் தன் வழக்கப்படி ஒன்று விடாமல் வாசித்தார். "படவேடு பஸ் சார்ஜ், ரெண்டு பேர். படவேட்டுல ரூம் அட்வான்ஸ்." லில்லி அம்மா ஓடிவந்து அவர் கையைப் பிடிப்பதற்குள் ஊர்ப் பெயர் காற்றில் கலந்துவிட்டது. டீக்கடையில் என் வீட்டுக்காரன் உட்கார்ந்திருந்தான்.

படவேட்டுக்குப் பஸ் குறைவு. அவனுக்கு மட்டும் உடனே கிடைத்தது. மதியச் சோற்றுக்கு நான் முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். தலைமயிரைப் பிடித்து இழுத்து அங்கேயே கீழே தள்ளினான். கையில் தறியில் பாவு நூல் அறுக்கிற கத்தி. கழுத்துக்குத்தான் குறிவைத்தான். நான் குறுக்கே இடது கையைக் கொடுத்தேன். இரண்டு விரல்கள் கீரைத் தட்டிலேயே விழுந்தன. நானும் சும்மா இருக்கவில்லை. அவன் தோளில் பல் இறங்கும்வரை கடித்தேன், சதை வாயோடு வந்தது. மறுபடி அவன் கையை ஓங்கும்போது வீட்டுக்கார அம்மா உலக்கையால் அவன் முதுகில் போட்டாள். அந்த அம்மா நெல் குத்துகிறவள். ஒரே போடு, எழுந்திருக்கவில்லை. மயங்கிக் கிடந்தவனைப் போலீஸ் வந்து அள்ளிக்கொண்டு போனது.

ஆஸ்பத்திரியில் என் கட்டிலின் கால்மாட்டில் வந்து சார் நின்றார். அவன் எப்படிக் கண்டுபிடித்தான் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அவரே சொன்னார். "நான்தாம்மா சொன்னேன். கணக்குல ஊர் பேர வாசிச்சிட்டேன்." வேறு யாராவது இருந்தால் விஷயத்தை அமுக்கியிருப்பார்கள். பக்கத்தில் இருந்த எவர்சில்வர் தம்ளரை எடுத்து அவர் முகத்தில் எறிந்தேன். புருவம் கிழிந்து ரத்தம் வந்தது. அவர் துடைக்கவில்லை. "எறும்பப் பாத்து நடக்கிறியே, என்னப் பாக்கலியா நீ?" என்று கேட்டேன். "பாக்கலம்மா" என்றார். மன்னிப்புக் கேட்டிருந்தால் இன்னும் திட்டியிருப்பேன். அந்த ஒற்றைச் சொல்லுக்குமேல் திட்ட எனக்கு வரவில்லை, அழுகைதான் வந்தது.

அதற்குப் பிறகு வாசலில் வாசிப்பதையே நிறுத்திவிடலாம் என்று லில்லி அம்மா சொன்னார். சார் ஒத்துக்கொள்ளவில்லை. வாசிக்காவிட்டால் இல்லத்துக்காரர்கள் தின்றுவிட்டார்கள் என்று ஊர் சொல்லும், வருகிற கொஞ்சநஞ்சக் காசும் நிற்கும். வாசித்தால் எவளாவது சாவாள். இதற்கு அவர் கண்டுபிடித்த வழியை யாரிடமும் சொல்லவில்லை. நாங்களாகப் பார்த்துத் தெரிந்துகொண்டோம். இல்லத்துப் பணம் எப்போதும் ஒரு மஞ்சள் பையில் இருக்கும். அடுத்து ஒரு பெண்ணை வெளியூருக்கு அனுப்பியபோது, பஸ் சார்ஜுக்கு அவர் கை மஞ்சள் பைக்குப் போகவில்லை, சட்டைப் பைக்குப் போனது. வாடகையும் சட்டைப் பை. மருந்தும் சட்டைப் பை. ஊர்க் காசு என்றால் ஊருக்குச் சொல்ல வேண்டும். ஊருக்குச் சொல்லக் கூடாததற்கு ஊர்க் காசைத் தொடக் கூடாது. அவருடைய ஓய்வூதியம் அப்படித்தான் போனது. அது போதாதபோது கிராமத்தில் வேர்க்கடலை போடுகிற நிலம் போனது. சாரின் கை சட்டைப் பைக்குப் போனால் வாயைத் திறக்கக் கூடாத சமாசாரம் என்று இல்லத்துப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும்.

நிலம் விற்றது தெரிந்த அன்று அவர் மகன் கிராமத்திலிருந்து பைக்கில் வந்தார். தெருவில் வைத்தே அப்பாவின் சட்டையைப் பிடித்து உலுக்கினார். "எங்கய்யா போச்சி எங்க நிலம்? எந்தப் பொம்பளைக்குக் கொடுத்த?" என்றார். பொத்தான்கள் தெறித்தன. தெரியாது என்றோ, வீட்டுக் கடன் என்றோ ஏதாவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம். எங்கள் சாருக்கு அது வராது. "எங்க போச்சின்னு தெரியும். சொல்ல மாட்டேன்" என்றார். மகன் பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துச் சுவரில் அடித்து உடைத்துவிட்டுப் போனார். அந்த மாதம் "நாற்காலி, புதுசு" என்று வாசித்தார். உடைத்தது யார் என்றும் வாசித்தார்.

ஒழுங்காகக் கணக்கு வைத்தவருக்குக் கணக்கே எமனாக வந்தது. இல்லத்துக்கு வந்துபோகிற பெண்கள் எத்தனை பேர் என்று தெரு பார்க்கிறது. வாசிக்கிற செலவு அதற்குப் பாதிகூட வரவில்லை. காசைத் தின்கிறவர்கள் செலவை அதிகம் சொல்லித்தான் மறைப்பார்கள். இங்கே குறைவாகச் சொல்கிறார்களே, மிச்சப் பணம் எங்கிருந்து வருகிறது? வெளிநாட்டுப் பணம் என்றார்கள். பெண்களை வைத்துத் தொழில் நடக்கிறது என்றார்கள். கிளப்பிவிட்டது முதலாளி. மனு போட்டு அதிகாரிகளையும் வரவழைத்தார். அவர்கள் வந்து இரண்டு நாள் குடைந்து பார்த்து, ஒரு பைசா பிசகு இல்லை என்று சொல்லிக் காபி குடித்துவிட்டுப் போனார்கள். ஊர் வாய் மூடவில்லை.

போன வருடம் ஒரு முதல் ஞாயிறு. சார் "போன மாச இருப்பு" என்று தொடங்கினதும் முதலாளியின் ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களோடு ஒருவன் இருந்தான். அவன் பெண்டாட்டியை மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தப் பார்த்தவன். அவளையும் குழந்தையையும் அப்போதுதான் ஓரிடத்தில் வைத்திருந்தோம். "மறைச்ச செலவ வாசி. எந்த ஊருக்குப் போவுது காசு? ஊர் பேரச் சொல்லு, வுட்டுடறோம்" என்றான். "தெரியும். சொல்ல மாட்டேன்" என்றார் சார். கன்னத்தில் விழுந்தது. மூக்குக்கண்ணாடி போயிற்று. அவர் கண்ணாடி இல்லாமல் மனப்பாடமாக மறுபடி ஆரம்பித்தார், "போன மாச இருப்பு." மறுபடி அடி. நாற்காலியோடு கவிழ்த்தார்கள். விலாவில் உதைத்தார்கள். "தெரியாதுன்னு சொல்லித் தொலைங்க சார்!" என்று டீக்கடைக்காரர் அழுதே விட்டார். சார் தரையில் கிடந்தபடி, வாயில் ரத்தத்தோடு, "போன மாச இருப்பு" என்றார். தெருவே போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. ஒரு நாய்கூடத் தடுக்க வரவில்லை.

நான் அப்போது உள்ளே சமையல்கட்டில் இருந்தேன். சத்தம் கேட்டு வெளியே வரும்போது கையில் உலக்கை இருந்தது. படவேட்டு அம்மா எனக்கு நினைவாகக் கொடுத்த அதே உலக்கை. மண்ணெண்ணெய்க்காரனின் மணிக்கட்டில் போட்டேன், எலும்பு முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. இன்னொருவனுக்கு முட்டியில். மூன்றாமவனுக்கு ஓங்கும்போது அவர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க எனக்கு எந்தச் சட்டைப் பையும் தேவையில்லை.

போலீஸ் அவர்கள்மீது வழக்குப் போட்டது, என்மீதும் போட்டது. சார் விலாக் கட்டோடு வந்து என்னை ஜாமீனில் எடுத்தார். வழியெல்லாம் திட்டினார். "அடிச்சது தப்பு. அவனுக்கும் வலிக்குமில்ல?" என்றார். "வலிக்கணும்னுதான சார் அடிச்சேன்" என்றேன். ஆனால் பணம் கட்டும்போது பார்த்தேன், கை மஞ்சள் பைக்குப் போனது. அடுத்த மாதம் மூச்சு வாங்க வாங்க வாசலில் வாசித்தார். "கஸ்தூரிக்கு ஜாமீன் செலவு. அது அடிச்சது தப்பு. ஆனாலும் செலவு நம்முது." குழாயடிப் பெண்கள் கை தட்டினார்கள்.

எடுத்த வீடியோ ஊர் ஊராகப் போனது. முகம் தெரியாத யாரெல்லாமோ நூறும் ஐம்பதுமாக அனுப்பினார்கள். முதலாளிகள் விட்டுப்போன பள்ளம் அந்தச் சில்லறையால் நிரம்பியது. இன்றைக்கு இல்லம் நடப்பது அந்தக் காசில்தான். "நான் அடி வாங்கினதுல வந்த காசும்மா, சிக்கனமா செலவு பண்ணுங்க" என்று சிரித்தார். சிரிக்கும்போது விலாவைப் பிடித்துக்கொண்டார். அந்த விலா கடைசிவரை சரியாகவே ஆகவில்லை. நெஞ்சில் சளி கட்டியது, பஸ் ஏற முடியாமல் போனது, கடைசியில் கிராமத்து வீட்டோடு முடங்கினார். அவர் இயற்கையாக இறந்தார் என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். உதைத்தே கொன்றார்கள். சாவதற்குக் கொஞ்சம் நாள் எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

அன்று அரிசியை இல்லத்தில் இறக்கிவிட்டுக் கிராமத்துக்குப் போனேன். கூடத்தில் வெள்ளைத் துணி போர்த்திப் படுக்க வைத்திருந்தார்கள். புருவத்தில் நான் எறிந்த தம்ளரின் தழும்பு அப்படியே இருந்தது. அதைப் பார்த்ததும் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் அழுதேனோ தெரியாது. நிமிர்ந்தபோது மகன் எதிரே நின்றிருந்தார். கண் சிவந்திருந்தது.

"இப்பவாவது சொல்லுங்க. எங்க நிலத்த எங்க கொண்டு போய்ப் போட்டாரு? யாருக்கு? அதத் தெரிஞ்சிக்கிற உரிமைகூட எனக்கு இல்லியா?"

உரிமை இருந்தது. அந்தக் காசில் ஓர் ஊரில் ஒருத்தி இன்னும் உயிரோடு இருக்கிறாள், அவள் குழந்தை பள்ளிக்கூடம் போகிறது. நான் முறித்த மணிக்கட்டு ஒன்றுகூடிவிட்ட அவள் புருஷன் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறான். கூடம் நிறையச் சனம். எந்தக் காது யாருடையது என்று யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டால் அந்த மனிதரின் மனமாவது ஆறியிருக்கும். அந்தப் பொய் என் நாக்கு நுனிவரை வந்தது. கீழே கிடந்தவரைப் பார்த்தேன்.

"தெரியுங்க. சொல்ல மாட்டேன்" என்றேன்.

அவர் கை ஓங்கியதை நான் பார்த்தேன், விலகவில்லை. கன்னத்தில் பளாரென்று விழுந்தது. இதை எழுதும்போதும் அந்தப் பக்கம் மென்று சாப்பிட முடியவில்லை. கூடமே எழுந்துவிட்டது. சாரின் மனைவி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். மகனின் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். "வுடுடா. நானும் கேட்டேன், கடசி வரைக்கும். எங்கிட்டயும் உங்கப்பா இதையேதான் சொன்னாரு" என்றார். மகன் அம்மாவின் மடியில் விழுந்து சத்தம் போட்டு அழுதார். பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட்டார்கள்.

அந்த அறைக்கு நான் திருப்பி அடிக்கவில்லை. இல்லத்துக்கு வந்த பிறகு அதுதான் முதல் தடவை. சாருக்காக அன்று ஒருநாள் அவரைப்போல இருந்து பார்த்தேன். எனக்கு ஒத்துவரவில்லை. அடி வாங்கிக்கொள்கிற அந்தக் குணத்தை அவரோடேயே அனுப்பிவிட்டேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது வாசலில் போடுகிற நாற்காலியும், பொய் கலக்காத அந்த ஒரு பதிலும்தான். கணக்கு கேட்கிற எவரும் முதல் ஞாயிறு வரலாம், ஒரு பைசா விடாமல் வாசிப்பேன். ஊர்ப் பெயர் கேட்டு வருகிறவனுக்கும் சார் சொன்ன பதில்தான். கையை ஓங்கினால் மட்டும் பதில் என்னுடையது, உலக்கையைக் கதவுக்குப் பின்னால்தான் வைத்திருக்கிறேன்.